கூடையும் கதையும்

(தாத்தா பாட்டிகள் மற்றும் முதியோருக்கான உலக நாளை முன்னிட்டு வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்று ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2021-ஆம் ஆண்டில் இந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய நாளாக உலகத் திருச்சபைக்குத் தந்தார். இயேசுவின் தாத்தா பாட்டியான புனிதர்கள் சுவக்கீன், அன்னா திருவிழா ஜூலை 26-ஆம் நாள் வருவதால், அதை ஒட்டியே இந்த நாள் அமைந்தது. நம் காவிரிப் பகுதியில் இது ஆடி மாதம். தண்ணீர் வந்த ஆண்டுகளில் குறுவை வயல் பச்சை பிடித்திருக்கும் காலம். இந்த வேளையில் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திப்போம்.

முதலில் ஒரு குறையை அறிக்கையிட்டுவிட்டுத் தொடங்குவோம். நம் பங்கில் ஒரு பாட்டி இருந்தார். வாழ்நாள் முழுவதும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். திருப்பலி முடிந்ததும் வாசலில் நின்று, "சாமி, ஒரு நா வந்து உக்காருங்க. எங்க ஆத்தா காலத்துக் கதையெல்லாம் சொல்றேன். நான் போயிட்டா சொல்ல ஆளில்ல" என்பார். "திருவிழா முடியட்டும் பாட்டி, கண்டிப்பா வர்றோம்" என்று சொல்லுவோம். திருவிழா முடிந்தது. அடுத்து வீடு மந்திரிப்பு வந்தது, தவக்காலம் வந்தது. நாம் போகவில்லை. ஒரு நாள் அவரே ஆலயத்துக்கு வந்தார், பெட்டியில்.

அடக்கம் முடிந்து பதிவேட்டை எடுத்தோம். அதில் தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. பாட்டியின் தகப்பனார் பெயர் என்ன என்று மகன்களைக் கேட்டோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளைக் கேட்டோம். அவர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆளை இப்போதுதான் மண்ணில் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். அந்தக் கட்டம் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

அன்பானவர்களே, சுவக்கீன், அன்னா என்ற பெயர்கள் நான்கு நற்செய்திகளில் எங்குமே இல்லை. மரியாவின் பெற்றோர் யார் என்பதைத் தொடக்கத் திருச்சபையின் எளிய மக்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லி வைத்திருந்தார்கள். பின்னால் அது விவிலியத்துக்கு வெளியே உள்ள ஒரு பழைய நூலில் எழுதப்பட்டது. ஆண்டவருடைய தாத்தாவின் பெயரைக்கூட மக்களின் நினைவுதான் நமக்குக் காப்பாற்றித் தந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு இறைவார்த்தைக்குள் செல்வோம்.

இணைச்சட்ட நூலின் 26-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நம்மைப் போன்ற விவசாயிகளுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். நாட்டில் குடியேறி, நிலத்தை உழுது, முதல் விளைச்சலை எடுத்தவன் அதைக் கூடையில் வைத்து ஆண்டவரின் திருமுன் கொண்டுவர வேண்டும். குரு அந்தக் கூடையை வாங்கிப் பீடத்தின்முன் வைப்பார். நாமும் அறுவடைத் திருவிழாவில் இதைத்தானே செய்கிறோம்? நெற்கதிர், வாழைத்தார், பூசணி எல்லாம் பவனியாக வருகின்றன.

ஆனால் அங்கே இன்னொன்றும் கேட்கப்படுகிறது. கூடையைக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. கொண்டுவந்தவன் வாயைத் திறந்து தன் முன்னோர் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் மூதாதை நாடோடியாய் அலைந்தவர், எகிப்தில் அடிமைப்பட்டோம், கடுமையான வேலை வாங்கினார்கள், ஒடுக்கினார்கள், நாங்கள் கூக்குரலிட்டோம், ஆண்டவர் கேட்டார், எங்களை வெளியே கொண்டுவந்தார் என்ற பொருளில் அந்த அறிக்கை அமைந்திருக்கிறது. சொந்த நிலத்தில் விளைந்த முதல் கதிரைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பாட்டன் அடிமையாக இருந்ததை ஊரறியச் சொல்கிறான். அது அவனுக்கு அவமானமாக இல்லை. அதுவே அவனுடைய விசுவாச அறிக்கை.

நம் கூடைகள் பீடத்துக்கு வருகின்றன. கதை வருகிறதா?

நம் தஞ்சைக்குக் கதை இல்லாமல் இல்லை. இராசராசன் கட்டி 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் சுவர்களைப் பாருங்கள். யார் எத்தனை பொன் கொடுத்தார், எந்த ஊர் எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும், விளக்கு எரிக்க ஆடு மாடுகளை யார் பெற்றுக்கொண்டார் என்று வரி வரியாக வெட்டியிருக்கிறார்கள். கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஏறக்குறைய 400 பெண்களின் பெயர்கூட அங்கே உண்டு. ஊர்களின் நிலத்தைக் கணக்கிட்டு, வரி இல்லாத இடங்களைக் கழிக்கும்போது, குளம், சுடுகாடு, வாய்க்கால் இவற்றோடு சேரியும் கழிக்கப்பட்டிருக்கிறது. சேரி இருந்தது என்று கல் சொல்கிறது. அந்தச் சேரியில் வாழ்ந்து, சேற்றில் இறங்கி, அந்த நெல்லையெல்லாம் விளைவித்தவர்களின் பெயரைக் கல் சொல்லவில்லை. ஆயிரம் ஆண்டுகளாக அவர்கள் பெயரும் பாடும் பாட்டும் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டன. பாட்டிக்குப் பாட்டி, தாத்தாவுக்குத் தாத்தா என்று வந்த நினைவில்.

1922-இல் சென்னை மாகாண அரசு, இழிவாகச் சொல்லப்பட்டு வந்த பெயர்களை நீக்கி, 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. சட்டமன்றத்தில் அதற்காகக் குரல் கொடுத்தவர் எம்.சி. ராஜா. 'ஆதி' என்றால் முதல். இந்த மண்ணின் மூத்த குடிகள் என்று பொருள். மூத்த குடி என்று பெயர் கொடுத்தாயிற்று. அந்த மூத்தவர்களிடம் உட்கார்ந்து கதை கேட்டோமா?

கேட்டிருந்தால் என்னென்ன கிடைத்திருக்கும்! நம் பெரியவர்களுக்கு ஆண்டுக் கணக்கு காலண்டரில் இல்லை, புயலில் இருக்கிறது. "நாகப்பட்டினத்துப் புயலுக்கு நான் கைப்புள்ள" என்றால் அது 1952. "எழுபத்தேழு புயலுக்கு அடுத்த வருசம் எனக்குக் கல்யாணம்" என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுனாமியும் கஜாவும் தெரியும். அதற்கு முந்திய வெள்ளத்தில் எந்த மேட்டில் ஏறி உயிர் பிழைத்தார்கள், எந்த வாய்க்கால் எந்தப் பக்கம் உடையும் என்பது பெரியவர்களுக்குத்தான் தெரியும்.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். 1960-களில் குட்டை ரக நெல்லும் ரசாயன உரமும் வந்தபிறகு நம் பழைய நெல் வகைகள் வயலைவிட்டு மறைந்தன. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து 'நெல்' ஜெயராமன், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நடந்து, ஊர் ஊராகப் போய் அவற்றைத் தேடினார். 2018 டிசம்பரில் அவர் இறப்பதற்குள் 170-க்கும் மேற்பட்ட நெல் வகைகளை மீட்டிருந்தார். ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்ப வாங்குவார். அப்படித்தான் விதை பரவியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதை மட்டும் கையில் இருந்தால் போதாது. தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குக் காட்டுயானம், பிள்ளை பெற்றவளுக்குப் பூங்கார்க் கஞ்சி, உடல் வலுவுக்கு மாப்பிள்ளைச் சம்பா என்று எதை எங்கே எப்போது விதைப்பது, யாருக்கு எதைக் கொடுப்பது என்ற அறிவு எந்த மூட்டையிலும் ஒட்டியிருக்கவில்லை. வயலில் நின்று வேலை செய்தவர்களின் நாவில் இருந்தது. கதை இல்லாத விதை வெறும் தானியம். சொல்லத் தெரிந்தவர் இருந்தால்தான் அது விதை.

நடவுப் பாட்டும் அப்படியே. இருபது பெண்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் நாற்றை ஊன்றுவதற்குப் பாட்டு வேண்டியிருந்தது. ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கரையில் நிற்கும் மேற்பார்வைக்காரருக்குப் புரியாதபடி தங்கள் துன்பத்தையும் கேலியையும் அதில் வைத்துப் பாடினார்கள். இன்று நடவு இயந்திரம் வந்துவிட்டது, கதிர் அறுக்கவும் இயந்திரம் வந்துவிட்டது. குனிந்து குனிந்து ஒடிந்த இடுப்புக்கு அது நல்லதுதான், நாம் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இயந்திரம் பாடாது. அந்தப் பாட்டு தெரிந்த கடைசி அம்மாக்கள் இன்று நம் ஆலயத்தில் தூணோரமாக அமர்ந்திருக்கிறார்கள்.

"சாமி, இதெல்லாம் வேறு ஆட்கள் பார்க்கிற வேலை அல்லவா? கோயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. நம் விசுவாசமே வாய்மொழியாகத்தான் வந்தது. ஆண்டவர் இயேசு ஒரு நூலும் எழுதி வைக்கவில்லை. அவர் உயிர்த்தெழுந்து பல பத்தாண்டுகள் கழித்தே நற்செய்திகள் எழுதப்பட்டன. அதுவரை கண்டவர்கள் சொன்னார்கள், கேட்டவர்கள் மனத்தில் வைத்தார்கள். லூக்கா தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே, நேரில் கண்டவர்கள் ஒப்படைத்ததைக் கவனமாக ஆராய்ந்து எழுதுவதாகச் சொல்கிறார்.

இவ்வளவு தொலைவு போவானேன்? நம் வேளாங்கண்ணியை நினைத்துப் பாருங்கள். குளக்கரையில் பால் கொண்டுபோன சிறுவன், நடக்க முடியாமல் மோர் விற்ற ஏழைக் கைம்பெண்ணின் மகன், புயலில் தப்பிக் கரைசேர்ந்த போர்ச்சுக்கீசிய மாலுமிகள் என்று நாம் சொல்லும் வரலாறு முழுவதும் மக்களின் வாய்மொழி மரபாக வந்தது. அந்த இரண்டு சிறுவர்கள் சொன்னதை, "சின்னப் பயல்கள், ஏழைகள், இவர்கள் பேச்சைக் கேட்பதா?" என்று அன்றைய பெரியவர்கள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் பேராலயமாக உயர்த்திய அந்தத் திருத்தலத்துக்கு அடித்தளம், ஏழைகளின் வாய்ச்சொல்லை நம்பிக் கேட்ட காதுகள்தான். ஒரு கதையை இவ்வளவு அருமையாகக் காத்த நாம், அதே மண்ணில் அதே ஏழைகள் சொல்ல வந்த மற்றக் கதைகளைக் கேட்காமல் விட்டது ஏன்?

ஒரு காரணம், அந்தக் கதைகள் வலிக்கும்.

நம் பங்கு இளையோரிடம் ஒருமுறை, வீட்டுப் பெரியவர்களிடம் போய்ப் பழைய காலத்தைப் பற்றிக் கேட்டு வாருங்கள் என்று சொன்னோம். ஒரு தம்பி திரும்பி வந்து, "தாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு ஃபாதர். அதெல்லாம் உனக்கு எதுக்குடா, படிக்கிற வேலையப் பாருன்னு சொல்லிட்டாரு" என்றான். நாங்கள் அந்தத் தாத்தாவைப் போய்ப் பார்த்தோம். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "புள்ள ஆபீசுக்குப் போயி நாலு பேரோட உக்காந்து சாப்புடப் போறான் சாமி. எங்கப்பன மரத்துல கட்டி வச்சு அடிச்சத நான் அவங்கிட்ட சொல்லணுமா?" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. பண்ணையாள் முறை இருந்த காலத்தில் சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாகக் கொடுக்கப்பட்டன என்பது கீழத்தஞ்சை முழுவதும் அறிந்த செய்தி. விடிவதற்கு முன் வயலில் இறங்கி இருட்டிய பிறகு கரையேறிய மக்கள் அவர்கள். 1940-களில் இங்கே வந்து அவர்களை ஒன்றுதிரட்டிய பி. சீனிவாசராவ் போன்றவர்களின் உழைப்பாலும், அந்த மக்களின் சொந்தத் துணிவாலும் அந்தக் கொடுமை படிப்படியாக ஒடுங்கியது. 1952-இல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள் அதற்கு முந்திய நாள்களைச் சிறுபிள்ளைகளாகக் கண்ணால் கண்டவர்கள். அவர்களோடு அந்தச் சாட்சியம் முடிந்துவிடும்.

அந்தத் தாத்தாவிடம் நாங்கள் இணைச்சட்ட நூலின் அந்தப் பகுதியைத்தான் வாசித்துக் காட்டினோம். "இஸ்ரயேல் மக்கள் தங்கள் பிள்ளைகளிடம் இதை மறைக்கவில்லை ஐயா. ஆண்டுக்கு ஒருமுறை பாஸ்கா விருந்தில் பிள்ளையே கேட்க வேண்டும், தகப்பன் சொல்ல வேண்டும் என்று முறை வைத்தார்கள். அடிபட்டவருக்கு அதில் வெட்கம் இல்லை. வெட்கம் அடித்தவருக்கு" என்று சொன்னோம். அவர் உடனே ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் அந்தத் தம்பி வந்து, "தாத்தா சொன்னாரு ஃபாதர். ரெண்டு பேரும் அழுதோம். பாட்டனோட பேரு எழுதிக்கிட்டேன்" என்றான். அந்தப் பிள்ளை சோர்ந்துபோகவில்லை. முன்னைவிட நிமிர்ந்து நடக்கிறான். தான் எவ்வளவு வலிமையான மனிதர்களின் வழியில் வந்தவன் என்பது அவனுக்கு இப்போது தெரியும்.

அன்பானவர்களே, வலிக்கும் கதையைக் கேட்பது ஏன் தேவை என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1968 டிசம்பர் 25. நாம் ஆலயங்களில் குடில் கட்டி, குழந்தை இயேசுவைத் தாலாட்டிய அதே கிறிஸ்மஸ் நாளின் இரவு. நாகப்பட்டினம் பக்கத்தில் கீழ்வெண்மணியில், கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு சிறிய குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். கீழ்நீதிமன்றம் நிலக்கிழார்களுக்குத் தண்டனை விதித்தது. 1973-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. வசதி படைத்தவர்கள் தாங்களே நேரில் போய் இதைச் செய்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை.

ஏட்டில் அந்த வழக்கு அப்படி முடிந்தது. ஆனால் பிழைத்தவர்கள் சொல்வதை நிறுத்தவில்லை. மைதிலி சிவராமன் நேரில் போய் அவர்களிடம் கேட்டு எழுதினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும், பாரதி கிருஷ்ணகுமார் தம் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் அந்த மக்களின் வாய்மொழியைப் பதிவு செய்தார். அந்த ஊருக்கு வந்து துன்பத்தைக் காதால் கேட்ட காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அதோடு எழுந்து போய்விடவில்லை. கணவரோடு சேர்ந்து 1981-இல் 'லாஃப்டி' இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரிலேயே, நிலம் வாங்கித் தந்தார். எரிந்த ஊரின் கதையை ஒருவர் உட்கார்ந்து கேட்டதால் பலருக்குச் சொந்த வயல் கிடைத்தது. விடுதலைப் பயண நூலில் கடவுள் மோசேயிடம், தம் மக்களின் கூக்குரலைக் கேட்டதாகச் சொல்லிவிட்டுத்தானே இறங்கி வருகிறார்? விடுதலை காதில்தான் தொடங்குகிறது.

திருச்சபையும் இப்படிக் கேட்க வேண்டியிருந்தது. கனடா நாட்டின் பூர்வகுடி மக்களின் பிள்ளைகள் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர், பல தலைமுறைகளாகப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதிப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். அரசு வகுத்த அந்தத் திட்டத்தில் பல பள்ளிகளை நடத்தியவர்கள் கத்தோலிக்கத் துறவியர். அங்கே தாய்மொழி பேசத் தடை. பாட்டி சொன்ன கதைக்கும் தடை. கொடுமைகளும் நடந்தன. வளர்ந்த பின் அவர்கள் சொன்னதை வெகுகாலம் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. 2008-இல் அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 6,500-க்கும் மேற்பட்டவர்களின் சாட்சியத்தைப் பெற்ற பிறகே அந்நாட்டின் வரலாறு திருத்தி எழுதப்பட்டது.

2022 ஜூலை 25-இல் திருத்தந்தை பிரான்சிஸ், நடக்க முடியாத நிலையில், சக்கர நாற்காலியில் அங்கே சென்றார். அந்த முதியவர்களின் முன்னால் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஜூலை 26, சுவக்கீன், அன்னா திருவிழா. எட்மன்டன் நகரில் நிறைவேற்றிய திருப்பலியில் அவர் தாத்தா பாட்டிகளைப் பற்றியே மறையுரை ஆற்றினார். நாம் யாருடைய பிள்ளைகள், எந்த வரலாற்றைப் பெற்றுக்கொண்டவர்கள் என்பதை எண்ணிப் பார்க்கச் சொன்னார். பாட்டியிடமிருந்து பேரனைப் பிரித்த பாவத்துக்கு, பாட்டியின் திருவிழாவன்று பரிகாரம் தேடினார் என்றே நமக்குப் படுகிறது.

நமக்கும் இப்படிக் கேட்க வேண்டிய கதைகள் உண்டு. நம் தமிழகத் திருச்சபையில் தனி இருக்கை, தனிக் கல்லறை, தேர் போகாத தெரு என்றெல்லாம் இருந்தது. சில இடங்களில் அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது. 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தம்மைச் சந்திக்க வந்த தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாடு நற்செய்திக்கு எதிரான சாட்சியம் என்று உறுதியாகச் சொன்னார். நம் பங்கு வரலாற்று மலர்களில் ஆலயம் கட்டிய ஆண்டும், மணி கொடுத்தவர் பெயரும், பங்குத் தந்தையரின் வரிசையும் இருக்கின்றன. ஆலயத்துக்கு மண் சுமந்தவர் யார், அவர் எந்த வாசல் வழியாக உள்ளே வர அனுமதிக்கப்பட்டார் என்பது அதில் இல்லை. அது நம் பெரியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் சொன்னால் அது குருக்களாகிய எங்களுக்கும் வலிக்கும். வலிக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். ஒரே பங்கில், ஒரே பீடத்தின்முன், வரப்பின் இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளைகளும் நிற்கிறோம். சேற்றில் நின்றவரின் பேரனும் இருக்கிறான், கரையில் குடை பிடித்து நின்றவரின் பேரனும் இருக்கிறான். "பழைய கதையை ஏன் கிளற வேண்டும்?" என்று ஒருவருக்குத் தோன்றும். பழிவாங்குவதற்காக அல்ல. ஆறாத புண்ணின்மேல் துணியைப் போட்டு மூடினால் அது உள்ளுக்குள் சீழ் வைக்கும். உயிர்த்த ஆண்டவர் தம் சீடர்களுக்கு முதலில் காட்டியது தம் காயங்களை. அவற்றைக் காட்டியபடியேதான் அமைதி வாழ்த்தும் சொன்னார். காயத்தைப் பார்க்க மறுத்துவிட்டுத் திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? உங்கள் பக்கத்துத் தெருப் பாட்டியின் கதையை நீங்களும், உங்கள் தாத்தாவின் கதையை அவர்களும் கேட்கும் நாளில்தான் அந்தச் சமாதானம் கைகுலுக்கலைத் தாண்டிப் போகும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையமும், நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புறவியல் துறையும் மக்களின் வாய்மொழியை முறையாகத் தொகுத்து ஆய்ந்து வருகின்றன. ஆனால் உங்கள் பாட்டியிடம் அவர்கள் வந்து சேரும்வரை பாட்டி காத்திருக்க மாட்டார். இன்று உங்கள் கையில் செல்பேசி இருக்கிறது. அதில் குரலைப் பதிவு செய்யலாம்.

முதலில், பக்கத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்காதீர்கள். அனுமதி கேளுங்கள். "ஆத்தா, நீங்க சொல்றத பதிஞ்சு வச்சுக்கட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகே பொத்தானை அழுத்துங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எல்லோரும் கேட்கலாம் என்று அவர் சொல்லாத ஒன்றை வாட்ஸ்அப்பில் ஒருபோதும் அனுப்பாதீர்கள். அது அவருடைய வாழ்க்கை.

இரண்டாவது, சிறிய கேள்வியில் தொடங்குங்கள். உங்கள் அம்மா பெயர் என்ன? அப்பா பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தீர்கள்? கூலியை எதில் அளந்தார்கள்? என்ன நெல் நட்டீர்கள்? புயலில் எங்கே ஒதுங்கினீர்கள்? முதன்முதலாகச் செபம் சொல்லிக் கொடுத்தது யார்? பாட்டு வந்தால் நடுவில் பேசாதீர்கள். "அது அப்படி இல்ல பாட்டி" என்று திருத்தாதீர்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். அழுதால் கேள்வியை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் உள்ள முதியோரில் ஒருவரை மாதம் ஒருமுறை சந்திக்கட்டும். அவர் விரும்பித் தருவதை ஒரு நோட்டில் எழுதி ஆலயத்தில் ஒப்படையுங்கள். திருமுழுக்குப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் அதையும் வைப்போம். அடுத்த அறுவடைத் திருவிழாவில் காணிக்கைப் பவனி வரும்போது, கூடையோடு ஒரு பெரியவரும் முன்னால் வரட்டும். திருப்பலி தொடங்கும் முன், அவரும் நம் முன்னோரும் பட்ட பாட்டையும் கடவுள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் இடத்தையும் ஐந்து நிமிடம் சொல்லட்டும். இணைச்சட்ட நூல் கேட்பதும் இதைத்தான்.

யோர்தான் ஆற்றைக் கடந்ததும் யோசுவா பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினார். பின்னாளில் பிள்ளைகள் இந்தக் கற்கள் எதற்கு என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்றார். கல்லை நட்டால் மட்டும் போதாது, கேட்கும் பிள்ளையும் சொல்லும் பெரியவரும் இருந்தால்தான் அந்தக் கல் பேசும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் வீடுகளில் சொல்லும் பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கேட்கும் பிள்ளை வந்தால் போதும்.

இன்று திருப்பலி முடிந்து, அல்லது இந்த வானொலியை அணைத்துவிட்டு, ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள மூத்தவரிடம் போய், அவருடைய தாத்தா பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதி வாருங்கள். திருவிழா முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். நாம் ஒருமுறை தள்ளிப்போட்டதற்கு, வெறுமையாக இருக்கும் அந்த ஒரு கட்டமே சாட்சி.

மன்றாடுவோம். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று தலைமுறைகளின் பெயரால் அழைக்கப்பட விரும்பிய ஆண்டவரே, எங்கள் முன்னோர் ஒருவரின் பெயரையும் நீர் மறக்கவில்லை. சேற்றில் நின்று எங்களுக்குச் சோறு போட்டவர்களை உம் இளைப்பாற்றிக்குள் சேர்த்துக்கொள்ளும். எங்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் துணிவையும், எங்களுக்குக் கேட்கும் பொறுமையையும், கேட்டதற்கேற்ப வாழும் மனத்தையும் தாரும். புனித சுவக்கீனே, புனித அன்னாவே, எங்கள் வீட்டு முதியோருக்காக வேண்டிக்கொள்ளுங்கள். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.